ஊசி போடாமல் காத்திருந்த இருபது நிமிடம்: மருத்துவத்தில் நன்மையையும் தீங்கையும் நிறுப்பது எப்படி?

பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது ஒன்றுதான்: "ஊசி இருக்குல்ல சிஸ்டர்?" காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினொரு வருடம் செவிலியராக இருந்தேன். குறுவை, சம்பா, தாளடி எந்தப் பட்டமானாலும் அந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், அதே வரப்பில் வெறுங்காலோடு மனிதர் நடப்பார்.

ஓர் ஆனி மாத இரவு. குறுவை நட்டிருந்த நேரம். மோட்டார் போடப் போன ஐம்பது வயதுக்காரரை மகன் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் மச்சானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி, லேசான வீக்கம். "கண்ணாடி விரியன் மாதிரிதான் இருந்துச்சு, டார்ச்ச அடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு" என்றான் மகன். பணியில் இருந்த மருத்துவர் இளம்பெண். ஊசி எடுங்கள் என்று சொல்லவில்லை. "சிஸ்டர், புதுக் கண்ணாடிக் குழாய் ஒண்ணு" என்றார்.

இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அந்தக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் நிறுத்தி வைத்தேன். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஆகாது, தப்பான பதிலைக் காட்டிவிடும். இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் அசையாமல் நிற்கும். கண்ணாடி விரியன் விஷம் வேலை செய்திருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும்.

மகனுக்கு அந்த இருபது நிமிடம் தாங்கவில்லை. "ஊசி இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க சிஸ்டர், தஞ்சாவூருக்கே கொண்டு போயிடுறேன்" என்று குரலை உயர்த்தினான். அலமாரியில் ஊசி மருந்து முப்பது குப்பி இருந்தது. அப்புறம் ஏன் போடவில்லை? மருத்துவ அறத்தில் நன்மையையும் தீங்கையும் நிறுப்பது என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த ஊசியில் இருக்கும் நச்சுமுறி மருந்தைக் குதிரையின் உடம்பில் தயாரிக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத் தூளாக்கிக் குப்பியில் அடைப்பார்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. உயிர் காக்கிற மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் குதிரைப் புரதத்தை மனித உடம்பு சும்மா ஏற்றுக்கொள்ளாது. சிலருக்கு அரிப்பு, தடிப்பு என்று நின்றுவிடும். சிலருக்கு மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டித் தோலில் துளி போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பக்கம், பாம்பு கடித்தாலே விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. பல கடிகளில் பாம்பு விஷத்தை இறக்குவதே இல்லை. விஷமில்லாத பாம்பும் கடிக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்தைப் போட்டால் நன்மை பூஜ்யம், ஆபத்து மட்டும் முழுசாக இருக்கும். விஷம் ஏறியவருக்கோ கணக்கு தலைகீழ். அதனால்தான் குழாய், கடிகாரம், காத்திருப்பு. (நல்ல பாம்பு, கட்டு விரியன் விஷத்தை இந்தக் குழாய் காட்டாது. அதற்கு இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, மூச்சு எப்படி என்று பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் காத்திருந்து பார்க்க வேண்டாம். காத்திருப்பதென்றால் மருத்துவமனைக்குள்தான்.)

மருத்துவர் அந்தப் பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஊசி இருக்கு தம்பி. ஆனா அதுவும் சும்மா இல்ல. அப்பா ரத்தத்துல விஷம் இறங்கியிருந்தாத்தான் அதைப் போடுறது லாபம். இல்லன்னா நஷ்டம் மட்டும்தான்." பையன் ஒப்புக்கொண்டானா தெரியாது. உட்கார்ந்தான்.

முதல் குழாய் உறைந்தது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, அதுவும் உறைந்தது. மூன்றாவதைச் சாய்த்தேன், ஓடியது.

அதற்குப் பிறகு ஒரு நொடி தாமதமில்லை. ஒவ்வொரு குப்பியிலும் பத்து மில்லி நீர் விட்டுக் கரைத்தேன். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். பத்துக் குப்பி உருட்டி முடிப்பதற்குள் கை வியர்த்துவிடும். சலைனில் கலந்து ஏற்றினோம். பக்கத்திலேயே, ஒவ்வாமை வந்தால் கொடுக்க, அட்ரினலின் மருந்தை ஊசியில் இழுத்துத் தயாராக வைத்திருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும், கழுத்தில் தடிப்பு கிளம்பியது, இருமினார், மூச்சு இழுத்தது. டிரிப்பை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டோம். மூச்சு சீரானதும், அதே மருந்தை மெதுவாக மறுபடி தொடங்கினோம்.

பலர் இங்கேதான் திகைப்பார்கள். ஆகாத மருந்தைத் திரும்பவும் ஏற்றுவதா? ஆமாம். பயந்த தீங்கு நடந்தேவிட்டது. ஆனாலும் மறுதட்டில் உறையாத ரத்தம் இருந்தது. மூளையில் கசியலாம், சிறுநீரகம் நின்றுபோகலாம். ஒவ்வாமைக்குக் கையில் மாற்று இருக்கிறது, விஷத்துக்கு அந்தக் குப்பியை விட்டால் வேறு மாற்று இல்லை. ஒரே ராத்திரியில் ஒரே மனிதருக்கு ஒரே மருந்து. பத்து மணிக்கு அதைப் போட்டிருந்தால் தப்பு, ஒரு மணிக்குப் போடாவிட்டால் தப்பு. இந்த மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே பதில் கிடையாது. இவருக்கு, இப்போது, போடாமல் விடுவதோடு ஒப்பிட்டால் எப்படி என்றுதான் கேட்க முடியும்.

ஒன்பதாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது மகன் என்னிடம் கேட்டான்: "மொதல்லயே போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" நியாயமான கேள்வி. விடை தெரிந்த பிறகு கணக்கைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும். முடிவெடுத்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் அந்த முடிவை மதிப்பிட வேண்டும், எப்படி முடிந்தது என்பதை வைத்து அல்ல. அவனுக்கு இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "அப்ப ரத்தம் நல்லா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

சரி, இதற்கெல்லாம் பாடப்புத்தகம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1979இல் அமெரிக்காவில் டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் என்ற இரண்டு அறிஞர்கள் மருத்துவ அறத்தை நான்கு கோட்பாடுகளாக வகுத்தார்கள். நோயாளியின் சுய முடிவை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாமலிருப்பது, நீதி. நாம் பேசுவது நடுவில் உள்ள இரண்டும் மோதும் இடம். "முதலில் தீங்கு செய்யாதே" என்பது பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸின் உறுதிமொழியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த வாசகம் அப்படியே அதில் இல்லை. அவர் பெயரில் வழங்கும் வேறொரு நூலில், உதவ வேண்டும், இல்லாவிட்டால் தீங்காவது செய்யாமலிருக்க வேண்டும் என்ற கருத்து வருகிறது.

எனக்கு அந்த "முதலில்" என்ற சொல்லோடு ஒரு சண்டை உண்டு. அதை அப்படியே பிடித்துக்கொண்டால் யாரும் யாருக்கும் ஊசிகூடக் குத்த முடியாது. சிசேரியனுக்கு வயிற்றைக் கிழிப்பது தீங்கில்லையா? புற்றுநோய் மருந்தில் முடி கொட்டுவது? நாங்கள் செய்வதில் முக்கால்வாசி கொஞ்சம் காயப்படுத்தித்தான் குணப்படுத்துவது. அந்தக் காயத்துக்குத் தகுந்த பலன் இருக்கிறதா, அதே பலனைக் குறைந்த காயத்தோடு அடைய வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. நெற்பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் வேளாண்மை அலுவலர் என்ன சொல்வார்? உடனே மருந்தடி என்பாரா? தூரைப் பிரித்து எண்ணிப் பார் என்பார். வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி வந்ததும் அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். அந்தச் சிலந்தியே புகையானைத் தின்னும். அவசரப்பட்டு அடித்தால் சிலந்தி முதலில் சாகும். சில வகை மருந்தை அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகக் கிளம்புவதும் உண்டு. என் அப்பா முதலில் செய்வது தண்ணீரை வடிப்பது. செலவு இல்லை, கெடுதலும் கம்மி. மருந்துக் கடைக்குப் போவது அதற்கப்புறம். வயலில் இவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடுகிற அதே அப்பா, தனக்கு இரண்டு நாள் சளி என்றால் "ஒரு ஊசி போடச் சொல்லு" என்பார்.

நிறுக்கும்போது தட்டில் எதை வைக்கிறோம் என்பதிலும் குழப்பம் வரும். தீங்கு எவ்வளவு பெரியது, எத்தனை பேரில் ஒருவருக்கு வரும், வந்தால் சரிசெய்ய முடியுமா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தில் மூவருக்கு வாந்தி வரும் என்பது அடிக்கடி வருவது, ஆனால் சிறியது, தானாகப் போய்விடும். பல்லாயிரத்தில் ஒருவருக்குக் கண் போகும் என்பது அபூர்வம், ஆனால் திரும்பாது. மருந்துச் சீட்டோடு வருகிற காகிதத்தில் இரண்டும் ஒரே எழுத்து அளவில் அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதும் ஒரு முடிவுதான். அதற்கும் எடை உண்டு என்பதை அந்தக் காகிதம் சொல்வதில்லை.

ஒரே மருந்தின் கணக்கு வருடங்கள் போகப்போக எப்படி மாறும் என்பதற்குப் போலியோ சொட்டு மருந்தைப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் மேசை போட்டு, குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நிறைய உண்டு. அந்தச் சொட்டில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். மிக மிக அபூர்வமாக அதுவே ஒரு குழந்தைக்கு வாதத்தைத் தந்துவிடும். லட்சக்கணக்கான தவணைகளுக்கு ஒன்று என்ற அளவு. ஊரெல்லாம் போலியோ இருந்த காலத்தில் அந்த ஆபத்தைத் தட்டின் எதிர்ப்பக்கத்தில் வைத்தால் அசையக்கூட அசையாது. இந்தியாவில் இயற்கை வைரஸால் போலியோ வந்த கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பாதிக்கப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடென்று சான்று கிடைத்தது. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. அதில் இரண்டாவது வகை இயற்கையில் கடைசியாகத் தென்பட்டது 1999இல், உத்தரப் பிரதேசத்தின் அலிகரில். அதன் பிறகும் பல வருடம் நாம் மூன்று வகையும் சேர்ந்த சொட்டையே கொடுத்துவந்தோம். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் மிஞ்சுவது அதன் ஆபத்து மட்டும்தானே? அதனால் 2016 ஏப்ரலில் இரண்டாவது வகையைச் சொட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பே, உயிரற்ற வைரஸைக் கொண்ட ஊசியையும் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சொட்டு கெட்டுப்போனதால் எடுக்கவில்லை. எதிர்த் தட்டு காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

பாம்புக்கடி நோயாளிக்கும் போலியோ குழந்தைக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, கவனித்தீர்களா? முன்னவருக்கு நன்மையும் தீங்கும் ஒரே உடம்பில். தடுப்பு மருந்தில் ஒரு குழந்தை சுமக்கிற சின்ன ஆபத்தால் ஊரே பாதுகாப்புப் பெறுகிறது. ஆராய்ச்சியில் இது இன்னும் கூர்மையாகும். ஊசி ஓர் ஆளுக்கு, அதனால் கிடைக்கிற அறிவு நாளை பிறக்கப்போகிறவருக்கு. இங்கே தராசு சுலபமாகச் சாய்ந்துவிடும். அமெரிக்காவின் டஸ்கிகீ ஊரில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த ஏழைக் கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். நோய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். நடுவில் பென்சிலின் வந்து, அதுவே நல்ல மருந்து என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. அறிவியலுக்கு லாபம் என்று எவனோ ஒருவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான், நஷ்டத்தை எழுதவேண்டிய பக்கத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு ஓடுவதே தெரியாது. இன்று எந்த மருத்துவ ஆய்வுக்கும் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதற்கு இப்படிப்பட்ட கதைகள்தான் காரணம்.

தராசை யார் பிடிப்பது என்பதற்கு வருகிறேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு இது புரியும். எடை சரியாக இருந்தாலும், முள்ளை எட்டிப் பார்க்க விடாவிட்டால் மனசு ஒப்பாது. 2008இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு பெண் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியில் இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோயாளியின் நன்மைக்குத்தான் செய்தோம் என்பது மருத்துவர் தரப்பு வாதம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு திரும்பியபின் அவரிடமே கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவரின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கருப்பை எவ்வளவு எடை என்று வேறொருவர் நிர்ணயித்துவிட்டார்.

நம் பக்கத்தில் இது நடக்காத நாளே இல்லை என்பேன். பெரியவரைப் படுக்கவைத்துவிட்டு மூத்த பிள்ளையை வெளியே கூப்பிட்டுப் பேசுவோம். "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்பான் அவன். நாங்களும் சரி என்போம். அன்பினால்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் நன்மை எது என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது, அந்த ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

எலும்புப் பிரிவுக்கு வந்த ஒரு நடவுக்காரம்மா நினைவுக்கு வருகிறார். அறுபதை நெருங்கியவர். இரண்டு முட்டியும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. காப்பீட்டு அட்டை இருந்தது, காசு பிரச்சினை இல்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முட்டியை மாற்றினால் வலி பெரும்பாலும் போய்விடும், படி ஏறலாம், நிம்மதியாகத் தூங்கலாம். கிருமி தொற்றவும் ரத்தக் கட்டி வரவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, அதற்கு மருந்து தருவோம். எல்லாம் கேட்டுக்கொண்ட அம்மா, தட்டில் அவர் வைக்காத ஒன்றை எடுத்து வைத்தார்.

"அப்புறம் சேத்துல எறங்கலாமா சார்?"

மருத்துவர் ஒரு நிமிடம் யோசித்தார். குந்தி உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, சேற்றில் வழுக்கி விழுந்தால் வம்பு, வயல் வேலை வேண்டாம் என்றார்.

"அப்ப களையும் பறிக்க முடியாது, நடவுக்கும் போவ முடியாது."

"வலி இருக்காதேம்மா."

"வலி இருந்தாலும் சாயந்தரம் கையில காசு இருக்குது சார். அது இல்லாம வீட்டுல உக்காந்தா, மருமவ தட்டுல சோறு வைக்கிற சத்தமே வேற மாதிரி இருக்கும்."

மருத்துவர் மறுபேச்சுப் பேசவில்லை. வலி மாத்திரையைத் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடும், வலி அதிகமான நாளில் மட்டும் போடுங்கள் என்று சொல்லி, தொடைச் சதைக்கு இரண்டு பயிற்சி காட்டிக்கொடுக்கச் சொன்னார். பெஞ்சில் உட்காரவைத்து நான் காட்டினேன். காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்கினார். "தை அறுப்பு முடியட்டும் கண்ணு, அப்ப முட்டி சொல்றதக் கேட்டுக்கிட்டு வர்றேன்" என்றார். எக்ஸ்ரே கவரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக மன்னார்குடி பஸ்ஸுக்கு நடந்தார்.